அறுபத்தோராயிரத்து நானூற்றெட்டுக்குப் பிறகு

பேயில்லை என்று மேடையேறி முழங்கியவர்களும் உண்டு. பேயுண்டு என்று உடுக்கடித்துப் பிழைத்தவர்களும் உண்டு. அந்த இரு கூட்டத்தாரையும் சற்று ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டு இதைக் கேளுங்கள். இது நடந்தது. ராகலையிலிருந்து மேலேறும் பாதையில், சின்னச்சோலைத் தோட்டத்தின் மேற்பிரிவில், மழை வெறிகொண்டு பெய்த ஒரு கிழமையில் நடந்தது. கண்டவர்களும் கேட்டவர்களும் இன்னும் உயிரோடிருக்கிறார்கள். போய்க் கேட்டால் சொல்வார்கள்... தனுஷிகாவைத் தவிர. அவள் அதைப் பற்றி எவரிடமும் பேசுவதில்லை.

தனுஷிகாவும் அவள் கணவன் கிஷாந்தும் ராகலைக் கடைத்தெருவில் சின்னதொரு ஸ்டூடியோ வைத்திருந்தார்கள். படம் எடுப்பது அவன். கணினி முன் அமர்ந்து அதைத் திருத்தி அல்பமாக்குவது அவள். சடங்கானாலும் சாவானாலும், தோட்டத் தொழிலாளர் வரிசைவீடுகளான லயங்களில் எதில் எது நடந்தாலும், கெமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு அவன் போய் நின்றுவிடுவான். யாரை எடுத்தாலும் அடுத்தடுத்து மூன்று முறை எடுப்பான். ளக்... ளக்... ளக். ஏனென்று கேட்டால், "கண்ண மூடுறவங்களுக்கு ஒண்ணு, மொறைக்கிறவங்களுக்கு ஒண்ணு, மூணாவது எனக்கு" என்பான்.

அந்தக் கெமராவை விற்றுவிட்டு வேறொன்று வாங்குவதென்று இருவரும் முடிவு செய்தார்கள். நுவரெலியாவிலிருந்து மிலான் என்ற இளைஞன் வியாழக்கிழமை பார்க்க வந்தான். பழைய மோட்டார் சைக்கிள் வாங்குகிறவன் மீட்டரைப் பார்ப்பதுபோல, பழைய கெமரா வாங்குகிறவன் அது இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்று பார்ப்பான். ஒரு படம் எடுத்து அதைக் கணினியில் இட்டால் போதும். கெமரா தன் வயிற்றுக்குள் வைத்திருக்கும் கணக்கு வெளியே வந்துவிடும். மிலான் சுவரை நோக்கி ஒரு படம் எடுத்தான். தனுஷிகா அதைக் கணினியில் திறந்தாள்.

61,408.

"அண்ணே, பாதி மலையோட கல்யாணம் இதுக்குள்ளதான் இருக்கும் போலயே" என்றான் மிலான்.

"பாதி மலையோட கருமாதியும் இருக்கு தம்பி. அதுக்குத் தனியா வெல போடல" என்றான் கிஷாந்த்.

ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லி மிலான் போனான். தனுஷிகா பேட்டரியைக் கழற்றித் தனியே வைத்தாள். கெமராவை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

அன்று மாலையே மேற்பிரிவு லயத்துக்குப் பின்னால் மண் வெடித்திருக்கிறதென்று செய்தி வந்தது. கிஷாந்த் ஓடினான். தாய் நாகலெட்சுமியையும் மற்ற வீட்டுக்காரர்களையும் கைப்பிடித்து இறக்கிக் கீழே இருந்த பள்ளிக்கூடத்தில் சேர்த்தான். எல்லாரும் தப்பினார்கள். விடியும் நேரத்தில் நாகலெட்சுமி மடியைத் தடவிப் பார்த்தாள். பதறி எழுந்தாள்.

"அடையாள அட்டய லயத்து காம்பராவுலயே விட்டுட்டேனே சாமி..."

"அஞ்சு நிமிசம்மா. இந்தா வந்துர்றேன்."

மலை வெடித்து நிற்கிறதென்று அறிந்தும் ஒருவன் ஓர் அட்டைக்காகத் திரும்பிப் போவானா என்று நகரத்தில் இருப்பவர்கள் கேட்டார்கள். கேட்கட்டும். பரம்பரை பரம்பரையாக இந்த மண்ணுக்கு முதுகு வளைத்தும், "நீ எந்த நாட்டுக்காரி?" என்ற கேள்விக்கு நீட்டிக் காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் நிற்க வைக்கப்பட்டவர்களின் மகள் அவள். அந்த அட்டை அவள் கைக்கு வந்தபோது அவளுக்கு நாற்பது வயது கடந்திருந்தது. வீடு போனால் மரத்தடியில் கிடக்கலாம். அட்டை போனால் தானே இல்லாமற் போய்விடுவோம் என்பது அவளுடைய அச்சம். அந்த அச்சத்தை அவளுக்குள் விதைத்தவர்கள் யாரும் அன்று மழையில் நனையவில்லை. நனைந்து போனவன் அவளுடைய மகன்.

ஐந்து மணி இருபது நிமிடத்துக்கு மலை இறங்கியது.

இருந்த இடம் தெரியாமல் லயம் மறைந்தது. தோட்டத்து ஆண்கள் மண்வெட்டியோடு பாய்ந்தார்கள். பிறகு அதிகாரிகள் வந்தார்கள். பெக்கோ என்னும் மண்தோண்டும் இயந்திரம் வந்தது. வெள்ளி முழுவதும் தோண்டினார்கள். கிஷாந்த் கிடைக்கவில்லை. பெண்களை அங்கே நிற்க விடவில்லை. கைப்பேசிக்கு மின்னேற்றவேனும் முடியுமே, ஒருவேளை அவன் அழைத்தால் எடுக்க வேண்டுமே என்று தனுஷிகா ராகலைக்கு இறங்கி வந்து ஸ்டூடியோவைத் திறந்தாள்.

சனிக்கிழமை பிற்பகல். வெளியே பனிமூட்டம். கடைத்தெருவில் ஆளரவமில்லை.

ளக்... ளக்... ளக்.

அவள் நிமிர்ந்தாள். அலுமாரிக்குள்ளிருந்து வந்த சத்தம். பூட்டைத் திறந்தாள். கெமரா வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. பேட்டரி அதன் பக்கத்தில் தனியே கிடந்தது. கெமராவைக் கையில் எடுத்தாள். ஈர மண்ணைத் தொட்டதுபோல் சில்லிட்டது. மனம் பேதலித்துவிட்டதென்று தன்னையே அடக்கிக்கொண்டு திரும்ப வைத்தாள்.

கதவைச் சாத்துமுன் மீண்டும் கேட்டது. மூன்று முறை. பிறகு அமைதி. சற்று நேரம் கழித்து மீண்டும் மூன்று முறை.

மறுநாள் காலை மிலான் வந்தான். வழியிலேயே செய்தி அறிந்திருந்தான். கெமராவுக்காக வரவில்லை என்பதைச் சொல்லத் தெரியாமல், கையிலிருந்த பாண் ரொட்டிப் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு நின்றான்.

"தம்பி, அந்தப் படக் கணக்க மறுபடி ஒருக்கா பாருங்க" என்றாள் தனுஷிகா.

"அக்கா, இப்ப எதுக்கு அதெல்லாம்..."

"பாருங்க."

அவன் பேட்டரியைப் போட்டு ஒரு படம் எடுத்தான். கணினியில் திறந்தான். 61,409 என்று காட்ட வேண்டும்.

61,562.

மெமரி கார்டில் இருந்தவை இரண்டே படங்கள். வியாழக்கிழமைச் சுவரும், இன்றைய சுவரும். இடையில் எதுவுமில்லை. மிலான் தன் கைப்பையிலிருந்து தன்னுடைய கணினியை எடுத்து அதிலும் பார்த்தான். அதே எண்.

"யாராவது எடுத்திருப்பாங்க அக்கா."

"சாவி என் தாலிக் கயித்துல இருக்கு."

அவன் பேட்டரியைக் கழற்றித் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். வெறுங்கெமராவை மேசை நடுவில் வைத்தான். இருவரும் அதையே பார்த்தபடி இருந்தார்கள்.

ளக்... ளக்... ளக்.

மிலான் சிலுவைக் குறி இட்டுக்கொண்டான். தனுஷிகாவின் முகத்திலோ மூன்று நாளாய் இல்லாத ஒளி வந்தது.

"உசுரோட இருக்காரு தம்பி. கூப்பிடுறாரு."

கெமராவையும் இரண்டு கணினிகளையும் எடுத்துக்கொண்டு இருவரும் முச்சக்கர வண்டியில் மேலேறினார்கள். போய்ச் சேர்ந்தபோது பெக்கோவை லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மண் இன்னும் நகர்கிறது, தோண்டுகிறவர்களும் சாவார்கள், தேடுதல் முடிந்தது என்றார் பொறுப்பதிகாரி. சிங்களவர், மனிதர் கெட்டவரல்லர், ஒழுங்காகத் தமிழ் பேச முயன்றார். மிலான் இரண்டு கணினிகளையும் திறந்து சிங்களத்தில் விளக்கினான். அதிகாரி எண்ணைப் பார்த்தார். தனுஷிகாவைப் பார்த்தார்.

"நோனா, இது மெசின். மெசின் பிழை காட்டும். மூணு நாள் ஆச்சு. உள்ளே யாரும் இருக்க ஏலாது."

"இன்னும் ஒரே ஒரு நாள் தோண்டுங்க ஐயா."

"ஏலாது நோனா."

பக்கத்தில் நின்ற கண்டாக்கு, தோட்டத்து மேற்பார்வையாளர், அவளுக்குக் கேட்கும்படி முணுமுணுத்தார்: "புருசன் போனதுல புள்ளைக்கு மண்ட கொழம்பிருச்சு."

மாளிகையொன்று புதைந்திருந்தால் மலையையே பெயர்த்து எடுத்திருப்பார்கள். புதைந்தது லயம். லொறி புறப்பட்டது.

அப்போது நல்லமுத்து முன்னால் வந்தான். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன், கிஷாந்தோடு ஒரே லயத்தில் வளர்ந்தவன். எதுவும் கேட்கவில்லை.

"எந்த எடம்னு சொல்லு புள்ள."

கெமராவை இரு கைகளாலும் மார்போடு அணைத்தபடி தனுஷிகா மண்ணின்மேல் நடந்தாள். ஓரிடத்தில் சத்தம் மெலிந்தது. ஓரிடத்தில் உள்ளங்கை அதிர்ந்தது. சரிந்து கிடந்த சவுக்கு மரத்துக்குக் கீழே வந்தபோது அவள் கை மட்டுமல்ல, எலும்பும் அதிர்ந்தது. அங்கே நின்றாள்.

நல்லமுத்துவும் மிலானும் தோண்டினார்கள். வெட்ட வெட்டச் சேறு வழிந்து மூடியது. முழங்கால் ஆழம் போவதற்குள் பொலிஸ் வந்தது. மறுநாளும் போனார்கள். மறுநாளும் இறக்கிவிட்டார்கள். மூன்றாவது முறை போனால் உள்ளே தள்ளுவோம் என்றார்கள்.

திங்கள் மாலை சத்தம் மாறியது.

ளக்... ளக்.

இரண்டு முறைதான். மூன்றாவது வரவில்லை.

செவ்வாய்க்கிழமை தடுப்புக் கயிற்றுக்கு வெளியே, மழையில், கெமராவை மடியில் வைத்துக்கொண்டு அவள் அமர்ந்திருந்தாள். மிலான் குடை பிடித்து நின்றான்.

பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு முறை.

ளக்.

இரண்டு மணிக்கு ஒரு முறை. மிக மெல்ல.

"இந்தா இருக்கேன்... இங்கதான் இருக்கேன்" என்றாள் அவள், கெமராவிடம்.

மூன்றே முக்கால்.

ளக்...

அவள் காத்திருந்தாள்.

இருட்டும்வரை காத்திருந்தாள்.

அவ்வளவுதான்.

மழை ஓய்ந்து, ஒன்பதாம் நாள் மீண்டும் பெக்கோ வந்தது. சவுக்கு மரத்துக்கு நேர் கீழே, ஓர் ஆள் உயர ஆழத்தில் கிஷாந்த் கிடைத்தான். கதவொன்றும் கூரைத் தகரமும் அவன்மேல் சாய்ந்து, ஆள் படுக்கும் அளவுக்கு ஒரு பொந்தை உண்டாக்கியிருந்தன. சட்டைப்பைக்குள், பொலித்தீன் உறைக்குள், நனையாமல் இருந்தது தாயின் அடையாள அட்டை.

உடலைப் பரிசோதித்த வைத்தியர் மிலானைத் தனியே அழைத்துச் சொன்னார். மண் விழுந்து அவன் சாகவில்லை. நான்கு நாட்களுக்கு மேல் உயிரோடு இருந்திருக்கிறான். வலது ஆள்காட்டி விரலின் நுனியில் நகமும் இல்லை, சதையும் இல்லை. அவன் முகத்துக்கு மேலிருந்த தகரத்தில், விரல்நுனி அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

ராகலைக்கும் அந்தத் தகரத்துக்கும் இடையில் ஒரு முழு மலை இருக்கிறது.

நாகலெட்சுமியிடம் அதை எவரும் சொல்லவில்லை. தூக்கத்தில் போவதுபோல் போய்விட்டான் என்றார்கள். அவள் அட்டையைக் கையில் வாங்கினாள். தன் முகம் பதித்த அந்த அட்டையை நெடுநேரம் பார்த்திருந்தாள். "இது யாரு?" என்று கேட்டாள். அதன்பின் அதை அவள் தொடவில்லை.

கெமராவை மிலான் வாங்கவில்லை. தனுஷிகாவும் விற்கவில்லை. கடைசிக் கணக்கு எவ்வளவென்று அவளிடம் கேட்டவர்கள் உண்டு. அதை அறிய வேண்டுமானால் இன்னொரு படம் எடுக்க வேண்டும். அவன் எண்ணிக்கையோடு தன் விரலையும் சேர்க்க அவளுக்கு மனம் வரவில்லை.

பதினாறாம் நாள் கருமாதி. சடங்கு முடிந்து, உறவினர் கலைந்துகொண்டிருந்தபோது, வேலிக்கு வெளியே ஒருவர் நிற்பதைத் தனுஷிகா கண்டாள். சீருடை இல்லாததால் முதலில் அடையாளம் தெரியவில்லை. தேடுதலை நிறுத்திய அந்த அதிகாரி. இரண்டு கிழமையில் பத்து வயது கூடியவர்போல் இருந்தார். உள்ளே வரச் சொன்னாள். அவர் வரவில்லை.

"நோனா, ஒரு கேள்வி. அந்தக் கெமரா சத்தம்... எத்தனை மணிக்கு நின்னது?"

"செவ்வாக்கெழம. மூணே முக்கால்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கை தன்னை அறியாமல் உச்சந்தலையைத் தொட்டது.

"எனக்கு ஹெல்மெட் மேல கேட்டது. மூணு மூணா... யாரோ விரலால தட்டுற மாதிரி. மழை என்று நெனச்சேன். கழட்டிப் பார்த்தாலும் கேட்டது. செவ்வாய்க்கிழமை மூணே முக்காலுக்கு நின்னது."

தனுஷிகா வேலியை ஒட்டி வந்து நின்றாள்.

"ஞாயிற்றுக்கிழமை நீங்க வந்து, இன்னும் ஒரு நாள் தோண்டச் சொல்லி என்னைக் கேட்டீங்களே நோனா..." என்றார் அவர். "அப்பவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது."