என் எடைக்கு ஒரு மூட்டை

பேய், பிசாசு, கண்ணு படுறது, இதெல்லாம் நான் நம்புறவன் இல்லை. கோடைக்கானல் ஏரியில படகு தள்ளுறதுதான் என் சோலி. எதிர்க்கரை தெரியாத பனியில தனியா போய் வந்திருக்கேன், ஒண்ணும் குறுக்க வந்ததில்லை. இதை மட்டும் என்னன்னு சொல்லத் தெரியலை. நடந்ததை நடந்தபடி எழுதுறேன். நம்புறதும் நம்பாததும் உங்க பாடு.

வட்டக்கானல்ல ஒரு சார் இருக்கார். கப்பல்ல வேலை பாத்து ஓய்வானவர். அங்க விடுதி நடத்திக்கிட்டே, பின்னால கொட்டகையில ஒரு பாய்மரப் படகு கட்டினார். அதை லாரியில தூத்துக்குடிக்குக் கொண்டுபோய், அங்கேருந்து கரையை ஒட்டியே கோவா வரைக்கும் போறதுன்னு திட்டம். அவரு, தூத்துக்குடிக்காரர் ஒருத்தர், மூணாவதா ஏரியிலேருந்து ஒரு ஆள். அது நான்தான்னு நெனச்சிருந்தேன். கடலை நான் ஒரே தடவைதான் பாத்திருக்கேன், திருச்செந்தூர்ல, கூட்டத்துக்கு நடுவுல.

முதல்ல ஏரியில விட்டுப் பழகினோம். அரிசி, தண்ணிக் கேன், ஆளுக, யாரு எது எங்க இருக்கணும்னு சார் பாத்துப் பாத்து வைப்பார். படகு ஒரு பக்கம் சாஞ்சிருந்தா கடல்ல கஷ்டமாம். ஆள் வராத அன்னிக்கு அவர் எடைக்கு மணல் மூட்டை. எனக்குச் சவாரி இருந்தா என் மூட்டை வரும். பூண்டு மண்டித் தராசுல என்னை நிறுத்து, அதே எடைக்குக் கட்டினது. பின்னால இடது பக்கம் அதுக்கு எடம். எல்லாம் சரியா அமைஞ்சதும் தண்ணி மட்டத்துல படகைச் சுத்திச் செவப்புக் கோடு போட்டார்.

"இந்த மூட்டை நீதான்யா"ன்னு சிரிப்பார். எனக்கு அது பிடிச்சிருந்துச்சு.

கடைசியில அவர் கூப்பிட்டது செல்வத்தை. என் சம்சாரத்தோட தம்பி. ஏரி வேலையில அவனைச் சேத்துவிட்டது நான். கயிறு முடியச் சொல்லிக்கொடுத்ததும் நான்.

"உனக்கு முட்டி வலிங்கிற. அவன் இளந்தாரி, வரட்டும்"னார்.

சரிங்க சார்னேன்.

வீட்டுல தம்பிக்குப் பொரிமாவு உருண்டை புடிச்சா என் சம்சாரம். என் ஸ்வெட்டரை எடுத்து அவன் பையில வச்சா.

"அது என்னோடதுல்ல?"

"கடல்ல காத்தடிக்குமாம். நீங்க இங்கதான இருக்கப் போறீங்க?"

இங்க மட்டும் வெயிலா கொளுத்துது. படுத்தாலும் தூக்கமில்லை. கண்ணை மூடினா அந்த இடது பக்கத்து எடம், அதுல அவன்.

லாரியில ஏத்துறதுக்கு முந்தின நாள் வெள்ளனே கடைசியா ஒரு தடவை ஏரியில விட்டாங்க. சாரும், தூத்துக்குடிக்காரர் எடைக்கு மூட்டையும், மத்த சாமானும் அதது எடத்துல. என் மூட்டையைத் தூக்கிக் கரையில போட்டுட்டு செல்வம் ஏறி உக்காந்தான். அவன் ஒல்லி. அந்தப் பக்கம் கோடு மேல வந்திருக்கணும். தண்ணிக்குள்ள போயிருச்சு.

ஓட்டையோன்னு பலகையைத் தூக்கிப் பாத்தாங்க. உள்ள காஞ்சு கெடந்துச்சு. சார் செல்வத்தை எறங்கச் சொன்னார். எறங்கினான். கோடு மெதுவா மேல வந்து, சரியா தண்ணியைத் தொட்டுக்கிட்டு நின்னுச்சு. மூட்டை இருந்தா எப்படி நிக்குமோ அப்படி. மூட்டை என் காலடியில கெடக்கு.

"மச்சான் ஏற்கெனவே ஏறி உக்காந்துட்டாரு போல சார். எறங்குங்க மச்சான், என் எடம் அது"ன்னான் செல்வம். சார் சிரிச்சார்.

"நீ ஏறிப் பாருய்யா"ன்னார் என்னை.

எந்தப் படகுலயும் கால் வச்சா அமுங்கும், ஆடும். நான் ஏறினேன், அது அசையலை. என் எடத்துல உக்காந்தேன். கோடு அங்கேயேதான் நின்னுச்சு. செல்வம் சிரிப்பை நிறுத்திட்டான்.

தண்ணிக் கேனை வலது பக்கம் மாத்தி வச்சு, எடையைச் சரிக்கட்டிக் கொண்டு போயிட்டாங்க. போற வழியில படகை நிறுத்தின ஏதோ ஊர்லேருந்து ஒரு சாயங்காலம் செல்வம் போன் பண்ணினான்.

"மச்சான், அந்த எடத்துல உக்காந்தா தோள் இடிக்குது. தள்ளி உக்காருங்கன்னு வாய் வரைக்கும் வந்துருச்சு." அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டான். "எம்மேல கோவமா மச்சான்?"

"இல்ல மாப்ள"ன்னேன்.

நல்லபடியாத்தான் திரும்பி வந்தான். இந்த வருசம் மறுபடி கடலுக்குப் போகணும்னு சாரே என்னைத் தேடி ஏரிக்கு வந்தார். செல்வம் வரமாட்டேங்கிறானாம். "நீ வாய்யா, அந்த எடம் உனக்குத்தான்"னார். நான் அத்தனை நாள் காத்திருந்த வார்த்தை அது. வரலைங்கன்னுட்டேன்.

அன்னிக்கு அந்தப் படகுலேருந்து எறங்கினதுலேருந்து, ஏரியில நான் உக்கார்ற முனை அமுங்குறதில்லை. மண்டித் தராசுல ஏறினா பழைய எடைதான் காட்டுது. தண்ணியில மட்டும் எனக்கு எடையே இல்லை. சவாரிக்காரங்க பக்கம் தாழ்ந்து போகுது, என் பக்கம் ஆளே ஏறாத மாதிரி தூக்கிக்கிட்டு நிக்குது. துடுப்பு தண்ணிக்கு எட்டணும்னா நான் குனிஞ்சுதான் தள்ள வேண்டியிருக்கு.