ஒரு தீவன மூட்டை எடையில் ஒரு ஜெனரேட்டர்

ஐம்பது பவுண்டு. கடைக்குள் நுழைந்ததும் லவோன் டட்டில் என்ற பெண் விலைச்சீட்டைப் பார்ப்பதில்லை, விற்பவரிடம் பேசுவதும் இல்லை. கால்களை அகற்றி வைத்து, முழங்காலை மடக்கி, ஜெனரேட்டரின் கைப்பிடியைப் பிடித்துத் தூக்குகிறார். குதிரைத் தீவன மூட்டை ஒன்று ஐம்பது பவுண்டு. அவருக்கு வயது அறுபத்திரண்டு. அதில் ஐம்பது வருடம் அந்த மூட்டையைத் தூக்கியிருக்கிறார். தராசு வேண்டியதில்லை. "இது ஒரு மூட்டை," என்று கீழே வைக்கிறார். அடுத்ததைப் பாதி தூக்கிவிட்டுக் கைவிடுகிறார். "இது ரெண்டு மூட்டை. மேல ஒரு கன்னுக்குட்டியும் ஒக்காந்திருக்கு."

மே மாதத்தில் இது ஐந்தாவது கடை. ஓக்லஹோமாவின் மேற்கு ஓரத்தில், எல்க் சிட்டியைச் சுற்றி நூறு மைலுக்குள் ஜெனரேட்டர் விற்கிற யாருக்கும் அவரைத் தெரியாமல் இல்லை. மெலிந்த உடம்பு, வெயிலில் வதங்கிய கழுத்து, எட்டாக மடித்த கைக்குட்டை எப்போதும் பின்பையில். கேள்வி கேட்டால் பதில் சொல்லுமுன் ஒரு பெருமூச்சு வரும். அது சலிப்பு அல்ல, பதினைந்து மணி நேரம் வண்டி ஓட்டிவிட்டு வந்தவரின் மூச்சு. வண்டி ஓட்டாத நாளிலும் அப்படித்தான் வருகிறது.

மூன்று பீப்பாய்களைச் சுற்றிக் குதிரையை விரட்டிக்கொண்டு திரும்பும் பந்தயம் அவருடையது. வருடத்தில் முப்பது வாரக்கடைசிகள் ஏதாவது ஒரு திடலில் கழியும். வீடு என்பது பத்தொன்பது வருடப் பழைய டிரெய்லர். பின்பாதியில் குதிரைகள். முன்பாதியில் கட்டில், அடுப்பு, ஒருவர் மட்டும் நிற்கக்கூடிய குளியலறை, கூரைமேல் ஏசி. திடல்களில் எல்லாருக்கும் மின் இணைப்பு கிடைக்காது. முதலில் வந்தவர்களுக்கே அது கிடைக்கும். மற்றவர்களுக்கு ஜெனரேட்டர். டட்டில் வீட்டு ஜெனரேட்டர் ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை காலை, காபி பாதி இறங்கியிருக்கும்போது உயிரை விட்டது.

காபிக்காக யாரும் ஐந்து கடை ஏறி இறங்குவதில்லை. அவர் கணவர் வெண்டெல் முப்பத்துநான்கு வருடம் மின்கம்பம் ஏறியவர். இப்போது டிரெய்லரின் இரண்டு படி ஏறினால் உட்கார்ந்துவிடுகிறார். நுரையீரல் போய்விட்டது. மூக்கில் குழாய், குழாயின் மறுமுனையில் ஒரு சிறு பெட்டி அளவு ஆக்சிஜன் எந்திரம். அது மின்சாரத்தில் ஓடுவது. மின்சாரம் நின்றால் கையிருப்பு சிலிண்டர் இரண்டு மணி நேரம் தாங்கும். டல்சாவில் இருக்கும் மகள் ட்வைலா தையல் அறையைக் காலிசெய்து அப்பாவுக்குக் கட்டில் போட்டு வைத்திருக்கிறாள். ஜூன் மாத லாரமிப் பந்தயத்துக்குள் நம்பிக்கையான ஜெனரேட்டர் கிடைத்தால் வெண்டெல் கூடப் போவார். கிடைக்காவிட்டால் தையல் அறை. நாற்பத்தொரு வருடத்தில் லவோன் ஒரு பந்தயத்துக்கும் தனியாகப் போனதில்லை.

"ஒங்கப்பன் அங்க வந்தா ஜன்னல் வழியா என்னத்தப் பாப்பான்?" என்று போனில் மகளிடம் கேட்டார்.

"பக்கத்து வீட்டு நாய் இருக்கும்மா."

"நாய்க்கு ஜாக்கி யாரு?"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

திடலில் அவர் வேவு பார்க்கும் முறை தனி. சனிக்கிழமை காலையில் தகரக் குவளையில் காபியோடு டிரெய்லர் வரிசைகளுக்கு நடுவே நடக்கிறார். எங்கெல்லாம் ஜெனரேட்டர் ஓடுகிறதோ அங்கெல்லாம் நின்று, கேட்காமலே குவளையை அதன் தலையில் வைக்கிறார். காபியில் வளையங்கள் எழுந்தால் நகர்ந்துவிடுகிறார். புகைக்குழாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்க்கிறார். குதிரைகளைக் கட்டிய பக்கம் திரும்பியிருந்தால், அது யாருடையதானாலும், தானே திருப்பி வைத்துவிட்டுப் போகிறார். இங்கே அதற்காக யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

ரூபி கெய்ல் என்ற பக்கத்து டிரெய்லர்க்காரி மட்டும் கேட்டார்: "லவோன், என் ஜெனரேட்டர் மேல காபி வைக்கிறியே, நான் உன் கட்டில்ல வந்து படுக்கட்டுமா?"

"வெண்டெல் கொறட்ட விடுவான். உனக்குத் தாங்காது."

"சத்தமில்லாத ஜெனரேட்டர் வேணும்னா, வாய மூடிக்கிட்டு இருக்கிறதா பாத்து வாங்கு. அத நான் மூணு புருஷன்கிட்ட தேடிட்டேன், கெடைக்கல."

இந்தத் தேடல் இவ்வளவு நீள்வதற்குக் காரணம் போன வருட ஜூன். லாரமி ஏழாயிரத்து இருநூறு அடி உயரத்தில் இருக்கிறது. மதியம் மூன்று மணி, டிரெய்லர் தகரம் கொதிக்கிறது. உள்ளே வெண்டெல் ஆக்சிஜனோடு படுத்திருக்கிறார். ஏசி கிளம்பப் பார்த்தது, ஜெனரேட்டர் ஒருமுறை இருமியது, எல்லாம் நின்றது. ஆக்சிஜன் எந்திரத்தின் எச்சரிக்கை மணி கீச்சிடத் தொடங்கியது. லவோன் அப்போது குதிரைமேல், முறைக்காகக் காத்திருக்கும் வரிசையில் மூன்றாவது ஆள். மணி அவ்வளவு தூரம் கேட்காது. தன் ஜெனரேட்டரின் சத்தம் நின்றது அவருக்குக் கேட்டது. குதிரையைத் திருப்பிக்கொண்டு டிரெய்லருக்குப் பறந்தார். ஒலிபெருக்கி அவர் பெயரை மூன்று முறை கூப்பிட்டது. முடிவுப் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே 'ஓடவில்லை' என்று எழுதி பத்திரிகைக்கு அனுப்பியவன், பந்தயச் செய்தி எழுதும் நான்தான்.

ஏசி கெட்டுவிட்டது என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். குதிரைக்காரர்கள் எந்திரத்தையும் குதிரையைப் போலத்தான் பார்ப்பார்கள்: எது நொண்டுகிறதோ அதன்மேல்தான் குற்றம். அங்கேயே புது ஏசி வாங்கி மாட்டினார்கள். ஊர் திரும்பி, பழைய ஏசியைக் கொட்டகையில் வைத்து வெண்டெல் இணைத்துப் பார்த்தார். குளுகுளுவென்று ஓடியது. இன்றைக்கும் ஓடுகிறது, கோழிகள் அதன் முன்னால் படுத்திருக்கின்றன. மலை ஏறினால் காற்று மெலிகிறது, மெலிந்த காற்றில் ஜெனரேட்டருக்கு வலு போகிறது என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

"மேல போனா அதுக்கும் என்னாட்டம் எளப்பு வாங்குது," என்றார் வெண்டெல். "கம்பம் ஏறுன எனக்கே தோணல பாரு."

கெர்மிட் ஸ்டப்ஸின் கடை ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரம். லவோன் செவ்வாய்க்கிழமை அங்கே குதிரையோடு போனார். ஹென்னி என்ற செம்மண் நிறப் பெட்டைக் குதிரையை வேலியில் கட்டி, முன்னால் புல் வலையைத் தொங்கவிட்டார். வெண்டெல் டிரக்கிலேயே உட்கார்ந்திருந்தார், சிலிண்டர் மடியில்.

"நாலு அடி தள்ளி வச்சு ஸ்டார்ட் பண்ணு," என்றார் லவோன்.

கெர்மிட் மஞ்சள் நிறத்தது ஒன்றை முதலில் உருட்டிக்கொண்டு வந்தார். சக்கரம் வைத்தது, பெரியது, ஒன்றே எல்லாவற்றையும் இழுக்கும். கயிற்றை இழுத்ததும் முற்றம் அதிர்ந்தது. ஹென்னி மெல்லுவதை நிறுத்திவிட்டது. வாயில் புல் தொங்க, காதுகள் பின்னால் மடிந்தன.

"ஃபெயில்," என்றார் லவோன்.

"லவோன் அக்கா, ஜெனரேட்டர் உங்களுக்கா குதிரைக்கா?"

"மூணு நாள் இவ வயித்த காயப்போட்டான்னா, பீப்பாய நான்தான் காலால சுத்தி வரணும். அதுக்கு டைம் எழுத எந்தக் கடிகாரமும் பத்தாது. எடுத்துட்டுப் போ."

அடுத்தது சிவப்பு. சிறியது, மூடிய பெட்டி. அவர் முதலில் தூக்கிப் பார்த்தார். ஒரு மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. ஓட்டினார்கள். ஹென்னி ஒரு காதைத் திருப்பியது, பிறகு மென்றது. லவோன் குவளையை அதன்மேல் வைத்தார். காபி அசையவில்லை. இரண்டாவது சிவப்பையும் பக்கத்தில் வைத்து ஓட்டினார்கள். ஹென்னி புல் வலையில் மூக்கை நுழைத்து நல்ல புல்லாகத் தேடத் தொடங்கியது.

"இதான் எல்லாரும் வாங்குறது," என்றார் கெர்மிட். "ரெண்டையும் இந்த வயரால சேத்துட்டா ஒரே பெரிய ஜெனரேட்டர் மாதிரி. ஏசி ஓடும், காபி ஓடும், அண்ணனோட மிஷினும் ஓடும். வயர் சும்மாவே தர்றேன்."

வெண்டெல் டிரக்கிலிருந்து கையை நீட்டி, பழைய பந்தய நுழைவுச் சீட்டின் பின்பக்கத்தைக் காட்டினார். பென்சிலில் கணக்கு. இரண்டு ஜெனரேட்டரும் சேர்ந்து இங்கே நாலாயிரம் வாட் வரைக்கும் உந்தும். லாரமி உயரத்தில் நாலில் ஒரு பங்கு போய்விடும், மிச்சம் மூவாயிரம். ஏசி கிளம்பும் நொடியில் கேட்பது இரண்டாயிரத்து எண்ணூறு. ஆக்சிஜன் எந்திரத்துக்கு முந்நூற்றைம்பது.

"நூத்தம்பது ஒதைக்குது," என்றார் லவோன்.

"ரெண்டு செகண்டுதான். அந்த ரெண்டு செகண்டு என் மிஷின ஆஃப் பண்ணிட்டு மூச்சப் புடிச்சுக்கிறேன்."

"ஏசி உன்னக் கேட்டுக்கிட்டா கெளம்புது? பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ தானா நிக்கும், தானா கெளம்பும்."

"அப்ப பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ புடிச்சுக்கிறேன். எனக்கு வேற என்ன வேல?"

கெர்மிட் சிரித்தார். லவோன் சிரிக்கவில்லை. வெண்டெலும் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஏசி எனக்கு இல்ல. போன வருஷம் நீ ரெண்டாம் நாள் குதிரைய விட்டு எறங்குறப்போ தலசுத்தி விழுந்தியே, அத நான் படுக்கையில இருந்து ஜன்னல் வழியா பாத்தேன். எந்திரிச்சு வர முடியல. அந்த தகரப் பொட்டிக்குள்ள நீ ஏசி இல்லாம படுக்கப் போறியா? அதுக்கு நான் ட்வைலா வீட்டுல நாயப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கேன்."

லவோன் பெருமூச்சு விட்டார். கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்து, மறுபடி எட்டாக மடித்தார். அதற்கு அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. கெர்மிட் வேலியருகே போய்க் குதிரையைத் தடவிக்கொண்டு நின்றார்.

"ரெண்டும் சேந்திருந்தா," என்றார் கடைசியில், "ஏசி ஒரு தடவ ஒதைச்சா ரெண்டும் சேந்து நிக்கும்."

"நிக்கும்னு இல்ல. நிக்கலாம்."

"ஒண்ணு உன் மிஷினுக்கு. அதுல வேற ஒரு பல்பு கூட கெடையாது. இன்னொண்ணு ஃபேனுக்கு, ஃப்ரிட்ஜுக்கு, காபிக்கு. உன்னுது நின்னா காபிய நிறுத்திட்டு அத உன் பக்கம் தூக்கி வைப்பேன். ஒரு மூட்டதான, தூக்க முடியும்."

"அப்ப ஏசி?"

"கோழிகிட்ட இருக்கிறதுக்கு ஜோடியா இருக்கட்டும்."

"மத்தியானத்துல நீ எங்க போவ?"

"ஹென்னி நிக்கிற நெழல்ல ஒக்காருவேன். அவ வால் ஆட்டுவா."

வெண்டெல் இருமினார். மூக்குக் குழாயைச் சரிசெய்துவிட்டு, டிரக்கின் முன்கண்ணாடி வழியாக நெடுஞ்சாலையைப் பார்த்தார். அவர் தோற்றுப்போனால் இப்படித்தான் சாலையைப் பார்ப்பார் என்று திடலில் எல்லாருக்கும் தெரியும்.

கெர்மிட் இரண்டு சிவப்புப் பெட்டிகளையும் டிரக்கின் பின்தட்டில் வைக்கக் கை கொடுக்க வந்தார். லவோன் அவரை விலக்கிவிட்டுத் தானே ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்தார். இரண்டாவதை வைத்த பிறகு தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். புகைக்குழாய்கள் இரண்டும் வெளிப்பக்கம் பார்க்கும்படி திருப்பி, சங்கிலி போட்டுப் பூட்டினார்.

சாமான் பையில் கெர்மிட் அந்த வயரையும் சுருட்டிப் போட்டிருந்தார். லவோன் அதை வெளியே எடுத்தார்.

"சும்மா குடுக்கிறதுதான் அக்கா. கெடந்துட்டுப் போவட்டும். என்னைக்காவது உதவும்."

"கைக்கெட்டுற எடத்துல இருந்தா," என்றார் லவோன், டிரக்குப் பக்கம் தாடையைக் காட்டி, "நான் குதிரமேல இருக்கும்போது ஏசிக்காக இவன் மாட்டிருவான்."

வயரை ஒரு தடவை கூடச் சுற்றி, முனையைச் செருகி, கெர்மிட்டின் கல்லாவுக்குப் பின்னால் இருந்த ஆணியில் மாட்டிவிட்டு வந்தார். லாரமி அறுநூற்றி இருபது மைல். வியாழக்கிழமை காலை ஐந்தரைக்கு லவோன், வெண்டெல், ஹென்னி மூவரும் கிளம்புகிறார்கள்.