சிங்கள எழுத்துப் பை

நேற்று லண்டனில், ஈஸ்ட் ஹாம் போகும் ரயிலில் யாருடைய பையிலிருந்தோ மாசிக் கருவாட்டு வாசம் வந்தது. பெட்டியில் பாதிப்பேர் மூக்கைச் சுளிக்க, நான் மட்டும் ஆசையாக மூச்சை இழுத்தேன்.

எண்பதுகளின் கடைசியில் ஈஸ்ட் ஹாமின் ஹை ஸ்ட்ரீட் நோர்த் தெருவின் ஒரு கோடியில், இன்று போன் விற்கும் இடத்தில், ஒரு சிங்களவரின் கடை இருந்தது. கதவைத் திறந்தால் ஹீட்டர் சூட்டில் மாசியும் கித்துள் கருப்பட்டியும் ஈரக் குடைகளும் ஒன்றாகக் குழைந்து மணக்கும். ஊரில் சண்டை நடந்த காலம்; எங்கள் ஈழத் தமிழ்ச் சனம் அங்கே போவதில்லை. போகிற ஒன்றிரண்டு பேரும் வாங்கியதைத் தமிழ்க்கடைப் பைக்குள் ஒளித்தே கொண்டுவருவார்கள். அம்மா மட்டும் சனிக்கிழமைதோறும் என்னையும் கூட்டிக்கொண்டு போய், அந்தக் கடையின் மஞ்சள் பையை, சிங்கள எழுத்து வெளியே தெரிய, பஸ் நிறுத்தம்வரை தூக்கிக்கொண்டு நடப்பார்.

ஒருநாள் நிறுத்தத்தில் பக்கத்து வீட்டு மலர் அன்ரி குரலைத் தாழ்த்தினார். "அக்கா, எல்லாரும் கதைக்கினம். எங்கட காசை ஏன் அவங்களுக்குக் குடுக்கிறியள்?"

அம்மா குரலைத் தாழ்த்தவில்லை. "கொழும்பில என்ர அப்பான்ர கடை வாசல்ல நிண்டு, இது தமிழன்ர கடை, போகாதேங்கோ எண்டு சனத்தை மறிச்சவங்கள், மலர். நான் உள்ளுக்க இருந்து பாத்தனான். அதை நான் இன்னொருத்தருக்குச் செய்ய மாட்டன்."

அடுத்த சனிக்கிழமை அம்மா கடையிலிருந்து இரண்டு பைகளோடு வெளியே வந்தார். தூரத்தில் மலர் அன்ரி நின்றிருந்தார். அம்மா ஒரு பையை என்னிடம் தந்து, எழுத்தை வெளிப்பக்கம் திருப்பிவிட்டு, "நிமிந்து நட" என்றார்.