பிரதர் சொன்னது மாத்திரம்

உங்களுக்குத் தண்ணீர் கொடுக்கும்போதெல்லாம் நான் "ஆகுவா" என்று சொல்வதை நீங்கள் இருவரும் கேலி செய்கிறீர்கள். அது தெலுங்கு என்று சின்னவள் பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டு வந்தாளாம். தெலுங்கு இல்லை கண்ணு, ஸ்பானிஷ். ஸ்பெயின் என்கிற தேசத்துப் பாஷை. நாலாவது பாரத்தோடு படிப்பை நிறுத்திய உங்கள் அப்பனுக்கு அது எப்படி வந்தது என்று எழுதி வைக்கிறேன். வாயால் சொன்னால் பாதியில் எழுந்து போய்விடுவேன் என்று எனக்கே தெரியும்.

உங்கள் அம்மா கண்ணை மூடிய பிறகு பெரியம்மா உங்களைத் தங்கவயலுக்கு அழைத்துப்போனார்கள். மூன்று மாதம் என்று பேச்சு. ஒன்றரை வருஷம் ஆயிற்று. பிரேசர் டவுன் வீட்டைக் காலி செய்துவிட்டு, காக்ஸ் டவுனில் ஒரு தையல்காரர் வீட்டுப் பின்பக்கம் ஒற்றை அறை பிடித்துக்கொண்டேன். பக்கத்துச் சுவருக்கு அந்தப்புறம் நாளெல்லாம் தையல் மிஷின் ஓடும். அது நின்றால்தான் எனக்குக் கஷ்டம். உங்கள் இரண்டு பேருடைய சின்ன டம்ளர்களை அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அவற்றைக் கழுவித் திரும்பவும் கவிழ்த்து வைப்பேன். யாரும் குடித்த டம்ளர் இல்லை. ஆனாலும் கழுவுவேன். அப்புறம் பெரியம்மாவுக்குக் கடிதம் எழுதுவேன்.

அப்போது நான் வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த தண்டில் ஒரு கன்னியர் மடத்து ஆஸ்பத்திரியில் ரைட்டராக இருந்தேன். யார் எந்தக் கட்டிலில் படுத்திருக்கிறார்கள், டாக்டர் என்ன சொன்னார் என்று நோட்டில் எழுதுவதுதான் வேலை. அதற்கு முன்பு கோர்ட்டுக் கச்சேரி வாசலில் மனு எழுதுகிறவர் ஒருவரிடம் ஆறு வருஷம் எழுதிப் பழகியவன். என் இங்கிலீஷ் முழுவதும் அங்கே கற்றதுதான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் காலை, ஜட்கா வண்டியில் ஒரு வயதான வெள்ளைக்காரரைப் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள். பூசை வைக்கிற சாமியார் அல்ல, சபையில் சேர்ந்து கைவேலை செய்கிற பிரதர். குருமடம் ஒன்றில் முப்பது வருஷம் தச்சு வேலை பார்த்தவர். கோவில் பெஞ்சு, சாமியார் உட்கார்ந்து பாவ அறிக்கை கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டி எல்லாம் அவர் கையால் செய்தவை என்றார்கள். வலப்பக்கம் வாதம் அடித்துவிட்டது. கை போனது மட்டுமல்ல, பாஷையும் போய்விட்டது. முப்பது வருஷமாகப் பேசிய இங்கிலீஷும், ஆசாரிகளோடு பேசிய தமிழும் ஒரே ராத்திரியில் அழிந்துபோய், பிறந்த ஊர்ப் பேச்சு மட்டும் நின்றது. அந்த ஊர்ப் பேச்சு தெரிந்தவர் தண்டில் ஒருவரும் இல்லை. அவர் தேசத்தில் உள்நாட்டுச் சண்டை நடந்ததால் ஒரு வருஷமாக அவருக்குக் கடிதமும் இல்லை.

ஆஸ்பத்திரி மதர் அயர்லாந்துக்காரர். பிரதரின் பெட்டியில் ஒரு சின்ன அகராதி இருந்தது. ஸ்பானிஷுக்கு இங்கிலீஷ். அதை எடுத்து என் கையில் கொடுத்து, அவர் சொல்வதை இங்கிலீஷில் எழுதிக் காலையில் டாக்டருக்குக் காட்ட வேண்டும் என்றார். எழுதுகிறவன் நான்தானே.

வேலை இப்படி நடக்கும். அவர் சொல்வதை முதலில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வேன். பிறகு அகராதியில் தேடுவேன். முக்கால்வாசி கிடைக்காது, பேச்சில் வருகிற சொல் ஒரு தினுசு, அகராதியில் இருப்பது வேறு தினுசு. நல்லவேளையாகப் புத்தகத்தின் கடைசியில் பிரயாணிகளுக்கான அன்றாட வாக்கியங்கள் இருந்தன. ஸ்டேஷன் எங்கே, சூப் ஆறிவிட்டது, அம்பட்டனைக் கூப்பிடு, இப்படி. பல வாக்கியங்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு. இளம் வயதில் கப்பலில் உட்கார்ந்து இங்கிலீஷ் கற்றபோது, மனப்பாடம் ஆனவற்றுக்கு அவரே போட்ட கோடு. இப்போது அதே பக்கங்களை அவர் முன்னால் விரித்துப் பிடிப்பேன். இடது கை விரலால் தொட்டுக் காட்டுவார். அவர் வந்த வழியிலேயே நான் திரும்பி நடந்தேன்.

"தெங்கோ ஸெத்" என்றால் தாகமாக இருக்கிறது. "தெங்கோ ஃப்ரியோ" என்றால் குளிருகிறது. "மே துவேலே" என்றால் வலிக்கிறது. "ஆகுவா" தண்ணீர். காலையில் "புவேனோஸ் தியாஸ்" என்று நான் சொன்னால் அவர் முகத்தில் ஒரு பாதி மட்டும் சிரிக்கும்.

இவற்றை நான் நோட்டில் எப்படி எழுதினேன் தெரியுமா? தாகத்துக்கு, "ஐ ஹம்ப்ளி பெக் டு ஸ்டேட்" என்று ஆரம்பித்து, நோயாளி தண்ணீர்க் குறைவினால் அசௌகரியப்படுவதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன் என்று மூன்று வரி. குளிருக்குக் கம்பளி வேண்டி நாலு வரி. அப்படி எழுதுவதுதான் மரியாதை, அப்படி எழுதினால்தான் காரியம் நடக்கும் என்று நினைத்தேன். டாக்டர் ஒரு தமிழர், வேடிக்கையாகப் பேசுவார்.

"என்ன ரைட்டர், தாகத்துக்குக்கூட மனுவா? ரெசிடெண்டு துரைக்கு அனுப்பிடலாமா?" என்றார்.

வார்டு ஆயாம்மா பிளாக்பள்ளிக்காரி. எழுத்து வாசனை கிடையாது. பிரதர் உதட்டைப் பார்த்தே தண்ணீர் கொடுத்துவிடுவாள். "நீங்க பொஸ்தகத்தைத் தெறக்கறதுக்குள்ள அவரு குடிச்சு, வாயையும் தொடைச்சாச்சு ரைட்டர் ஐயா" என்பாள். நானும் சிரிப்பேன். அந்த ஆஸ்பத்திரியில் சிரித்துவிட்டு அறைக்குப் போனால் மறுநாள் காலை வரை என்னோடு பேச ஆள் இல்லை. பிரதருக்கும் இல்லை. அதனால்தானோ என்னவோ, வேலை முடிந்த பிறகும் அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். இருவரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

மூன்றாவது வாரம் அவர் ஒரு புதுச் சொல்லைச் சொல்ல ஆரம்பித்தார். "கியேரோ ஆப்லார்." கண்டுபிடிக்க எனக்கு ஒரு பகல் ஆயிற்று. நான் பேச வேண்டும். யாரோடு? "மி லெங்குவா" என்றார். என் பாஷையில்.

கோவிலிலிருந்து வந்த சாமியார் பிரெஞ்சுக்காரர், நல்லவர். பாவசங்கீர்த்தனத்துக்குத் தலையை அசைத்தால் போதும், சர்வேசுரன் புரிந்துகொள்வார் என்று என்னைச் சொல்லச் சொன்னார். சாகக் கிடக்கிறவர்களுக்கு எண்ணெய் பூசுகிற அவஸ்தைப் பூசுதலும் கொடுத்துவிட்டுப் போனார். பிரதர் தலையை அசைத்தார். சாமியார் போனதும் என் பக்கம் திரும்பி மறுபடியும், "கியேரோ ஆப்லார்." அன்று முதல் கஞ்சியை இரண்டு வாய்க்கு மேல் வாங்க மறுத்துவிட்டார்.

நான் நோட்டில் எழுதினேன்: நோயாளி தம் தாய்மொழியில் சம்பாஷிக்கும் வாய்ப்பினைப் பணிவுடன் விரும்புகிறார். டாக்டர் படித்துக் கீழே கையெழுத்துப் போட்டார். அவ்வளவுதான். அப்படி எழுதினால் வேறென்ன செய்வார்கள்?

பம்பாயில் ஒரு காலேஜில் அந்தத் தேசத்துச் சாமியார் ஒருவர் இருப்பதாக மதர் விசாரித்து அறிந்து, அவருக்கு எழுதச் சொன்னார். இரண்டு ராத்திரி அடித்துத் திருத்தி ஒன்றரைப் பக்கம் எழுதினேன். என் வாழ்நாளில் அவ்வளவு நல்ல இங்கிலீஷ் எழுதியதில்லை என்று பெருமைகூடப் பட்டேன். தங்கள் அலுவல்கள் இடம் கொடுக்கும் பட்சத்தில், தங்கள் சௌகரியத்தை உத்தேசித்து, என்றெல்லாம் எழுதினேன். பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. மிகவும் மரியாதையான பதில். பிரதருக்காகப் பூசையில் வேண்டிக்கொள்வதாகவும், கோடை விடுமுறையில் வர முயற்சி செய்வதாகவும் எழுதியிருந்தார்.

விடுமுறைக்கு இரண்டரை மாதம் இருந்தது. டாக்டரைக் கேட்டேன். அவர் வேடிக்கை பேசவில்லை. "பத்து நாள். அதுக்கு மேல நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

மதர் தந்தி கொடுக்கச் சொன்னார். தாளோடு பிரதரிடம் போய் உட்கார்ந்தேன். பம்பாய் என்றும் சாமியார் என்றும் எனக்குத் தெரிந்த சொற்களால் விளக்கி, என்ன எழுத வேண்டும் என்று கேட்டேன். அவர் இடது கை விரலால் தாளைத் தொட்டார். பிறகு மெதுவாக, நான் எழுதிக்கொள்வதற்கு நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"எஸ்தோய் ஸோலோ. வென்."

சொல் சொல்லாகத் தேட வேண்டியிருக்கவில்லை. அந்த வாக்கியம் கடைசிப் பக்கங்களில் இருந்தது. அதற்குப் பக்கத்தில் பென்சில் கோடு இல்லை. கப்பலில் வந்தபோது அது வேண்டியிருக்காது என்று நினைத்திருப்பார். நான் தனியாக இருக்கிறேன். வா.

பேனாவை எடுத்தேன். கை தானாகவே "ஐ ஹம்ப்ளி" என்று எழுதிவிட்டது. அடித்தேன். ஒரு குருவானவரை வா என்று எப்படி எழுதுவது? தயவுகூர்ந்து என்று ஆரம்பித்தேன். அதையும் அடித்தேன். கட்டிலின் கால்மாட்டில் போர்வை மடித்துக்கொண்டிருந்த ஆயாம்மா எட்டிப் பார்த்தாள்.

"அவரு ரெண்டு வார்த்தைதானே சொன்னாரு. நீங்க எதுக்கு இத்தினி எழுதி எழுதி அடிக்கிறீங்க? அவரு சொன்னது மாத்திரம் எழுதுங்களேன்."

எழுதினேன். ஸ்பானிஷ் வாக்கியத்தையே இங்கிலீஷ் எழுத்தில் எழுதலாமா என்று ஒரு யோசனை வந்தது. தந்தி ஆபீசில் வாங்க மாட்டார்கள் என்று விட்டுவிட்டேன். நான் தனியாக இருக்கிறேன், வா. கீழே பிரதர் பெயர், ஆஸ்பத்திரி. மதர் படித்துவிட்டுக் கொஞ்சம் முகம் சுளித்தார். ஒன்றும் மாற்றவில்லை.

நாலாம் நாள் மத்தியானம் பம்பாய்ச் சாமியார் வந்து நின்றார். என் வயதுதான் இருக்கும். அங்கியெல்லாம் ரயில் கரி. முகம் கழுவத் தண்ணீர் கொடுத்தோம், வேண்டாம் என்று நேரே உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் வராந்தாவில் அகராதியோடு நின்றேன். உள்ளேயிருந்து சத்தம் வந்தது. அது நான் ஒரு மாதமாகக் கேட்ட குரல் இல்லை. குழறல் இருந்தது, ஆனால் வேகமாக, விட்டுவிட்டுப் பெருகி வந்தது. அழுதார். பிறகு, பிள்ளைகளே, சிரித்தார். தொண்டையிலிருந்து ஒரு பெரிய சிரிப்பு. என்ன சொல்லிச் சிரித்தாரோ தெரியாது. அவ்வளவு பேச்சில் எனக்குத் தெரிந்தது "ஆகுவா" ஒன்றுதான். நான் கூஜாவை எடுத்துக்கொண்டு போவதற்குள் உள்ளே சாமியாரே ஊற்றிக் கொடுத்துவிட்டார்.

சந்தோஷம்தான் பட்டேன். ஆனாலும் உங்களிடம் பொய் எழுதக் கூடாது. அந்த வராந்தாவில் எனக்குப் பொறாமையாகவும் இருந்தது. கேட்க ஆள் வந்தால் ஒரு மனுஷன் அப்படிப் பேசுவானா என்று நினைத்துக்கொண்டேன்.

சாமியார் மூன்று நாள் இருந்தார். கிளம்பும்போது கடிதம், தந்தி இரண்டையும் எழுதியது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். முதல் கடிதம் ஒரு ஆபீசிலிருந்து வந்தது, ஆபீசுக்கு ஒன்றும் அவசரம் இருப்பதாகத் தெரியவில்லை என்று இங்கிலீஷில் சொல்லி என் தோளைத் தொட்டார். குற்றமாகச் சொல்லவில்லை. பிரதர் அதற்குப் பிறகு ஐந்து நாள் இருந்தார். கஞ்சி குடித்தார். ஒரு விடியற்காலையில் போய்விட்டார். அகராதியை மதர் என்னிடமே கொடுத்துவிட்டார். தகரப் பெட்டியில் உங்கள் ஞானஸ்நானச் சீட்டுகளோடு இருக்கிறது, பாருங்கள்.

அடக்கம் முடிந்து சாயங்காலம் அறைக்கு வந்தேன். தையல்காரர் எங்கோ போயிருந்தார், மிஷின் சத்தம் இல்லை. மேஜை மேல் ஞாயிற்றுக்கிழமை பாதியில் விட்ட கடிதம் கிடந்தது. க்ஷேமம், தங்கள் க்ஷேமத்துக்குக் கடிதம் எழுத வேண்டியது, விடுமுறையில் தங்களுக்குச் சௌகரியப்பட்டால் குழந்தைகளைப் பார்க்க அனுமதி வேண்டுகிறேன். ஒன்றரை வருஷமாக எல்லாக் கடிதமும் இதே மாதிரிதான். உங்களைப் பார்க்க நான் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதைக் கிழித்துவிட்டு ஒரு கார்டு எடுத்தேன். தமிழில் எழுதுவது இங்கிலீஷைவிடக் கஷ்டமாக இருந்தது. நான் தனியாக இருக்கிறேன், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வாருங்கள் என்று எழுதி, இருட்டுவதற்குள் தபால் பெட்டியில் போட்டுவிட்டேன். நிறையச் சேர்த்துவிடுவேனோ என்று பயம்.

பதில் கடிதம் வரவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் பெரியம்மாவே டிரங்குப் பெட்டியோடும் உங்களோடும் வாசலில் வந்து இறங்கினார்கள்.

"கடுதாசியில எப்பவும் க்ஷேமம்னுதானே எழுதுவீங்க தம்பி. நானும் நம்பிட்டேன்" என்றார்கள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனார்கள்.

சின்னவள் என்னிடம் வந்தாள், கை நீட்டியவர்களிடமெல்லாம் போகிற வயசு. பெரியவனே, நீ வரவில்லை. பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டு சுவரைப் பார்த்தாய். அப்புறம் நான் யாரோ என்பதுபோல என்னைப் பார்த்துக் கேட்டாய்.

"நாங்க எப்ப வீட்டுக்குப் போறது?"

உனக்கு அது ஞாபகம் இருக்காது. இருந்தாலும் வருத்தப்படாதே, தங்கவயல்தான் உனக்கு வீடு, நான் ஞாயிற்றுக்கிழமைக் கடிதம். அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்த டம்ளரை எடுத்துத் தண்ணீர் மொண்டு உன் கிட்டே கொண்டுவந்தேன். ஒரு மாதப் பழக்கம், "ஆகுவா" என்று வாயில் வந்துவிட்டது.

நீ டம்ளரைப் பார்த்தாய். உன்னுடையது என்று அடையாளம் தெரிந்தது போலிருக்கிறது. வாங்கிக் குடித்தாய்.