ஆபீஸ் வாசலில் மாட்டுப் பொங்கல்

தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குப் பின்னால் கொட்டில் போட்டு அம்மா ஒரு மாடு வளர்த்தாள். அப்பா கொழும்பில் கடை வேலையில் இருந்தார். வீட்டில் அம்மாவும் நானும்தான். எங்கள் இருவருக்கும் மேலே அந்த மாடு. தோட்டத்தை நடத்தப் புதிதாக வந்த துரைக்கு எங்கள் கொட்டில் கண்ணை உறுத்தியது. தைப்பொங்கலன்று மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு தேயிலைக்குள் இறங்கியதுதான் சாக்கு. அதைப் பிடித்து ஆபீஸ் வாசலில் கட்டிவிட்டார்கள். கொட்டிலைப் பிரித்தால்தான் மாடு கிடைக்கும் என்று துரையின் ஆள் வந்து சொன்னான். மாடு தேயிலையைத் தின்னாது என்பது துரையைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் மாட்டுப் பொங்கல். அம்மா போய்க் கெஞ்சப்போகிறாள் என்றே நினைத்தேன். அவளோ பானை, பால், அரிசி, விறகுக்கட்டு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு, வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு ஆட்கள் கூடும் காலை நேரத்தில் ஆபீசுக்குப் போனாள். மாட்டுக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, துரையின் ஜன்னலுக்கு நேர் கீழே அடுப்பை மூட்டினாள்.

விறகு எரியவே இல்லை. புகை மட்டும் ஜன்னல் வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. தேயிலை மலைக்கு வேலைக்குப் போகவேண்டிய சனமெல்லாம் எங்களைச் சுற்றி நின்றது. எனக்கு மானம் போயிற்று.

துரை கண்ணைத் துடைத்தபடி வெளியே வந்தார். "சரி, மாடு கொண்டு போ. கொட்டில் நாளைக்குக் கழட்டு."

"பால் பொங்காம மாட்ட அவுக்கக்கூடாதுங்க தொர. சாமி காரியம்."

"எப்பப் பொங்கும்?"

"மாடு கொட்டில நெனச்சிக் கவலப்படுதுங்க. அதான் பொங்க மாட்டேங்குது."

கூட்டம் சிரித்தது. நான் அம்மாவின் காதில், "காஞ்ச வெறகு வீட்ல கெடக்கும்மா, ஓடிப்போய் எடுத்தாரவா?" என்றேன். தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது.

வெயில் ஏறியது. ஒருவர்கூடக் கொழுந்து பறிக்கப் போகவில்லை. கடைசியில், கொட்டில் இருக்கட்டும் என்று துரை எல்லோர் காதிலும் விழச் சொன்னார். அப்புறம்தான் அம்மா விறகுக்கட்டின் நடுவிலிருந்து காய்ந்த சுள்ளிகளை உருவி அடுப்பில் வைத்தாள். பால் பொங்கி வழிந்தது. முதல் பொங்கலைத் துரைக்கே கொடுத்தாள்.

எனக்குத் தொடை எரிந்தது, கோபம் அதைவிட எரிந்தது. காய்ந்த சுள்ளியைக் கையில் வைத்துக்கொண்டு ஈர விறகை அவ்வளவு நேரம் ஊதிய அம்மாவுக்கு அடுப்பு மூட்டக்கூடத் தெரியாது என்று அன்று முழுக்க லயம் லயமாகச் சொல்லித் திரிந்தேன். எல்லோரும் ஏன் அப்படி விழுந்து விழுந்து சிரித்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.