டென்ஷன் மேலே ஜாஸ்தி

தையல் மெஷின் சும்மா கிடக்கும் நாளில் கெடாது. நாளைக்குக் கல்யாணம், இன்னும் மூன்று ஜாக்கெட் பாக்கி என்கிற நிலையில்தான் கெடும். மிக்ஸி, கிரைண்டர், டிவி என்று வீடு வீடாகப் போய் ரிப்பேர் பார்க்கும் அன்பர்களே, உங்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. நாம் போவது மெஷினைப் பார்க்க. ஆனால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனதும் அந்த வீட்டுக் கதை முழுவதையும் கேட்டாக வேண்டும். கை ஸ்குரூவில் இருக்கும், காதை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

எனக்கு இதில் கூடுதலாக ஒரு கஷ்டம். தாத்தா சொன்ன கதைகளுக்கு ‘உம்’ கொட்டியே வளர்ந்தவன் நான். உம் நின்றால் அவர் கதையை நிறுத்திவிடுவார். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. குரலும் சின்னக் குரல். நான் மறுத்துப் பேசினால் எதிரில் இருப்பவருக்கே கேட்காது. எல்லோர் கையிலும் செல்போன் வந்து, எல்லோரும் மிஸ்டு கால் மட்டுமே கொடுத்துக்கொண்டிருந்த வருஷங்களில், ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு தையல் மெஷின் கடையில் சர்வீஸ் வேலை பார்த்தேன். எத்தனையோ வீடு. அதில் மூக்கண்டப்பள்ளியில் ஒரு வீடு என்னைப் பாடாய்ப் படுத்தியது.

காலையில் ஓடாது

மார்கழி மாதம். கூப்பிட்டவர் பேச்சியம்மாள். மகன் குமாருக்கு இங்கே ஃபேக்டரியில் வேலை. ஐப்பசியில் அவர் ஆனேக்கல் பக்கத்துக் கன்னடப் பெண்ணைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்ட கையோடு, இந்த அம்மா தேனிப் பக்கமிருந்து தன் பழைய கால்மிதி மெஷினையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்திருந்தார். நல்ல கறுப்பு மெஷின். சக்கரத்தைத் திருப்பினேன். அசையவில்லை.

“காலையில ஓடாது தம்பி. அந்தப் புள்ள முன்னாடி பின்னாடி நடமாடுற நேரம் பாத்து இறுகிக்கிரும். மத்தியானம் அவ போய்ப் படுத்தான்னா கடகடன்னு ஓடும். அவ கால் வச்ச நேரம் அப்பிடி” என்றார். நான் உம் கொட்டினேன். மருமகள் ரத்னா சமையலறையில் இருந்தார். அவருக்குத் தமிழ் பேசத்தான் சரியாக வராது, கேட்டால் நன்றாகப் புரியும். உள்ளே பாத்திரம் விழுந்த சத்தத்திலேயே அது தெரிந்தது.

மேல் தகட்டைக் கழற்றினால் உள்ளே மெழுகு ஊற்றி வைத்த மாதிரி வெள்ளை வெள்ளையாக இருந்தது. தேங்காயெண்ணெய்! தேனி வெயிலில் அது ஒரு நாளும் உறைந்திருக்காது. ஓசூர் குளிரில் காலையில் உறைந்து, மதியம் வெயில் ஏறியதும் இளகியிருக்கிறது. மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி மெஷின் எண்ணெய் போட்டதும் காலை நேரத்திலேயே ஓடியது. நடந்ததை அந்த அம்மாவுக்கு விளக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “எண்ணெ உறைஞ்சது சரி தம்பி. யாரு வந்ததுக்கப்புறம் உறைஞ்சுச்சு, அதச் சொல்லு.”

திரும்பிய ஊசி

அடுத்த வாரம் அதே வீட்டிலிருந்து ரத்னாவின் மிஸ்டு கால். அவரிடம் இருந்தது குமார் வாங்கிக் கொடுத்த புது மெஷின். கரண்டில் ஓடும், ஜிக்ஜாக் போடும், சூட்கேஸ் மாதிரி கையில் தூக்கிக்கொண்டு போகலாம். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணா என்பார். யார் மூத்தவர் என்று இருவருமே கேட்டுக்கொண்டதில்லை. “அண்ணா, ஹொலிகெ பிட்டு பிட்டு பர்த்தா இதெ” என்றார். தையல் விட்டு விட்டு வருகிறதாம்.

ஊசியைப் பார்த்தேன். புது மெஷினில் ஊசியின் தட்டைப் பக்கம் பின்னால் இருக்க வேண்டும். இது பக்கவாட்டில் திரும்பியிருந்தது. பழைய கால்மிதி மெஷினில் பழகிய கைதான் அப்படி மாட்டும். ரத்னா, தான் ஊசியைத் தொடவே இல்லை என்றார். முந்தின நாள் அவர் கடைக்குப் போயிருந்தபோது வீட்டில் இருந்தது ஒரே ஆள். மெல்ல ஹால் பக்கம் திரும்பினேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த பேச்சியம்மாள் கீரையை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊசியைச் சரியாக மாட்டிவிட்டுக் கிளம்பினேன். வாசலில் செருப்பு மாட்டும்போது பின்னாலேயே வந்து காதோடு சொன்னார்: “சும்மா எப்பிடி ஓடுதுன்னுதேன் பாத்தேன், படக்குன்னு ஊசி ஒடிஞ்சிருச்சு. புதுசு ஒண்ணு மாட்டி வச்சேன். அவ கேட்டா, ஊசி தானா திரும்பிக்கிருச்சுன்னு சொல்லிரு தம்பி.”

சூப்பர்வைசர் வீட்டில்

இது வேறு வீடு, ஆனால் இந்தக் கதைக்குத் தேவை. மேல் நூலும், கீழே பாபினிலிருந்து வரும் நூலும் ஒரே அளவு இழுத்தால்தான் துணிக்கு நடுவில் முடிச்சு விழும். அந்த இழுப்புக்கு எங்கள் தொழிலில் டென்ஷன் என்று பெயர். தமிழ், கன்னடம், தெலுங்கு என்று மூன்று பாஷை கலந்து பேசும் இந்த ஊரில் எல்லோருக்கும் புரிகிற வார்த்தை அது. என்ன, கேட்கிற யாருக்கும் நூல் ஞாபகம் வராது.

ஒரு சூப்பர்வைசர் வீட்டில் மெஷின் நூலை அறுத்துக்கொண்டே இருந்தது. அவர் நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து நாற்காலியில் சாய்ந்திருந்தார். “டென்ஷன் ஜாஸ்தியா இருக்கு சார்” என்றேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். “இருக்காதாப்பா? மூணு பேரு லீவு, லைன் நின்னு போச்சு, மேனேஜர் கத்தறாரு. வீட்டுக்கு வந்தா இவ அதையேதான் சொல்றா. இப்ப மெஷின் பாக்க வந்த நீயும் சொல்ற!”

நீ யாரு கட்சி

ஒரு நாள் டீக்கடையில் குமார் என் மொபெட்டின் சாவியை உருவிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். தூங்காத முகம். வீட்டில் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்களாம். அம்மாவுக்குச் சோறு வேண்டுமென்றால் சுவரைப் பார்த்து “பசிக்குது” என்கிறாராம். ரத்னா ஜன்னலைப் பார்த்து “ஊட்டா ரெடி” என்கிறாராம். ‘கால் வச்ச நேரம்’ என்ற அந்தச் சொல் ரத்னாவுக்குள் முள்ளாக நின்றுவிட்டது. பொங்கலுக்கு அம்மா வீட்டுக்குப் போகிறேன், திரும்பி வருவேனா தெரியாது என்று சொல்லிவிட்டார்.

“அவ வெளையாட்டுக்குச் சொல்றவ இல்ல” என்றவர், டீயைக் குடிக்காமல் கிளாஸைச் சுற்றிக்கொண்டே இருந்தார். நான் பழக்க தோஷத்தில் உம் கொட்டினேன். வந்ததே கோபம்: “இந்த உம்முதான்ப்பா எல்லாத்துக்கும் காரணம்! எங்கம்மாவக் கேட்டா, மெஷின்காரத் தம்பியே ஒத்துக்கிட்டான்ங்குது. அவளக் கேட்டா, மெஷின் அண்ணாவே ஒத்துக்கிட்டாருங்கறா. உண்மையச் சொல்லு, நீ யாரு கட்சி?”

ஜிப் பிய்ந்த பை

பொங்கலுக்கு முந்தின வாரம் ரத்னா கூப்பிட்டார். புது மெஷினில் ஊசிக்கு மேல் ஊசி உடைகிறது. போய்ப் பார்த்தால், மெஷினில் சொருகியிருந்தது தடித்த ரெக்சின் பை. ஊருக்குப் போகிற பை. ஜிப் ஒரு பக்கம் பிய்ந்திருந்தது. “இதுக்குள்ள பிளாஸ்டிக் பல்சக்கரம்க்கா, இவ்வளவு தடிமன் தாங்காது. அந்தப் பழைய மெஷின்லதான் தைக்கணும்” என்றேன். ரத்னா பையை என் கையில் திணித்துவிட்டு, சமையலறைக்குப் போய் மிக்ஸியைப் போட்டார். கேட்பதென்றால் நீயே கேள் என்று அர்த்தம்.

பேச்சியம்மாள் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எங்க போறாளாம்?” இந்தக் கேள்விக்கு உம் கொட்ட முடியாது. “அம்மா வீட்டுக்கும்மா” என்றேன். கொஞ்ச நேரம் பையின் காதைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு “குடு, தச்சுத் தாரேன்” என்று மெஷினில் உட்கார்ந்தார். தடித்த ஊசி மாட்டிக் கொடுத்தேன். துண்டு ரெக்சினில் ஓட்டிப் பார்த்தால் கீழ் நூல் மேலே ஏறி ஏறி வந்தது. மிக்ஸி சத்தத்தில் நான் பேசுவது அவருக்குக் கேட்கவில்லை. ஆயுளில் முதல்முறையாக அடித்தொண்டையிலிருந்து கத்தினேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. மிக்ஸி நின்று வீடே நிசப்தமாக, என் குரல் மட்டும் தெருவரைக்கும் போனது: “டென்ஷன் மேலே ஜாஸ்திம்மா! மேல ரொம்ப இழுத்துப் புடிக்குது! கீழ இருக்கறது எவ்வளவுதான் தாங்கும்? மேல கொஞ்சம் விட்டுக் குடுத்தா ரெண்டும் நடுவுல சேந்துக்கும்!”

சமையலறை வாசலில் ரத்னா வந்து நின்றார். பேச்சியம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீ நூலச் சொல்றியா, என்னையச் சொல்றியா?” “நூலத்தாம்மா” என்றேன். பழையபடி சின்னக் குரல். அவர் டென்ஷன் திருகைத் தன் கையாலேயே தளர்த்தினார். பிறகு மிதித்தார். கரண்ட் இல்லாத வீட்டில் அந்த மெஷின் சத்தம் மட்டும் நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது. முடித்து நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, பையை என்னிடம் தராமல் ரத்னாவை நோக்கி நீட்டினார்.

ரத்னா வாங்கி ஜிப்பைத் தேடினார். ஜிப் ஒழுங்காகத்தான் தைக்கப்பட்டிருந்தது. அதற்கு மேலே, பையின் இரண்டு விளிம்பையும் சேர்த்து, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இரட்டைத் தையல் ஓடியிருந்தது. “அத்தே, இது ஓப்பன் ஆகல்ல” என்றார். சுவர், ஜன்னல் எதையும் பார்க்காமல் முகத்தைப் பார்த்துச் சொன்னார். பேச்சியம்மாள் சக்கரத்தைப் பிடித்தபடி, தலையை நிமிர்த்தாமல் பதில் சொன்னார்: “ஆகாது. என் வாயத்தேன் தைக்க முடியல, அதேன் பை வாயத் தச்சுட்டேன்.”

ஆணியில் தொங்கியது

பங்குனியில் எண்ணெய் போடப் போனேன். கால்மிதி மெஷினில் ரத்னா உட்கார்ந்து, மிதிக்கப் பழகாத காலால் சக்கரத்தைப் பின்பக்கமாகச் சுற்றவிட்டு நூலை அறுத்துக்கொண்டிருந்தார். புது மெஷினில் பேச்சியம்மாள், கண்ணாடியை மூக்கில் இறக்கி, ஊசியின் தட்டைப் பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் வாய் ஓயாமல் திட்டிக்கொண்டிருந்தார்கள், பாதி தமிழ், பாதி கன்னடம். எனக்கு உம் கொட்ட இடமே கிடைக்கவில்லை.

ஆணியில் அந்தப் பை, வாய் மூடியபடியே தொங்கியது. அதை எடுத்து, “தையலப் பிரிச்சுத் தரட்டுமாக்கா?” என்று கேட்டேன். ரத்னா வேண்டாமென்று சட்டெனப் பிடுங்கி ஆணியிலேயே மாட்டினார். “பேடா அண்ணா. அது அங்கயே இருக்கட்டும். அதேன் சொல்றேன்ல!”

இந்தத் தொழிலில் நான் சரிசெய்யாமல் விட்டுவந்து, ஒரு புகாரும் வராத ஒரே வேலை அந்தப் பைதான்.