'நானே தலைவர்' என்று எழுதிய கொப்பி

போன கிழமை என் மகள் ஒரு புது டீ-ஷர்ட்டோடு வந்து நின்றாள். கண்டியில் ஏதோ ஹோட்டலில் உயர்தர வகுப்பு மாணவர்களுக்குத் தலைமைத்துவப் பயிற்சியாம். நெஞ்சில் கொட்டை எழுத்தில் 'நானே தலைவர்' என்று அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். மை வாடை இன்னும் போகவில்லை. அதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸிலும் வந்திருக்கிறாள்.

"யாரும் ஒன்னும் சொல்லலயா?" என்று கேட்டேன்.

"ஏன்ப்பா, கலர் நல்லா இல்லயா?" என்றாள்.

இவளிடம் என்னத்தைச் சொல்ல? உங்களிடம் சொல்கிறேன், கேளுங்கள்.

அந்த மை வாடை என்னை யுத்த காலத்து மார்க்கர் பேனை ஒன்றிடம் கொண்டுபோய் விட்டது. அப்போது எங்கள் பாடசாலையில் மாணவர் தலைவர்கள் பன்னிரண்டு பேர். நானும் ஒருவன். வெள்ளைச் சப்பாத்துக்குச் சுண்ணாம்பு பூசி, சட்டைப் பையில் சின்னத்தைக் குத்திக்கொண்டு திரிவேன். பிந்தி வருகிற சின்னப் பிள்ளைகளைக் கேட்டில் முழங்காலில் நிறுத்துவதும், படிப்பிக்கிற சேர்மாருக்குக் கன்டீனிலிருந்து தேத்தண்ணி தூக்கி வருவதும்தான் என் தலைமைத்துவம். கர்வத்துக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

எங்களுக்கு மேலே முதன்மை மாணவர் தலைவன் யோகன். அப்பாவின் அரசாங்க உத்தியோக மாற்றலோடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன். யாரையும் முழங்காலில் நிறுத்த மாட்டான். "பஸ் பிந்தினதுக்கு அவையள் என்ன செய்யிறது?" என்பான். இவனுக்குத் தலைமை தாங்கத் தெரியாது என்று நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம். அடடா, எங்கள் அறிவே அறிவு!

ஒரு சனிக்கிழமை பிலிமத்தலாவையில் எங்களுக்குப் பயிற்சி முகாம். நடத்த வந்தவர் கழுத்துப்பட்டி கட்டிய ஒரு 'வளவாளர்'. பயிற்சி கொடுக்க வருகிறவருக்கு அப்படியொரு பட்டம் இங்கே. ஆளுக்கொரு கொப்பியும் மார்க்கர் பேனையும் தந்தார்.

"மட்டையில பெரிசா எழுதுங்க, 'நானே தலைவர்'! ஒரு தலைவன் எப்பவும் முன்னுக்கு நிப்பான்!" என்று கத்தினார். நாங்களும் மூன்று தரம் கத்தினோம். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

அந்தக் காலத்தில் இந்த நாட்டில் 'தலைவர்' என்ற தமிழ்ச் சொல்லுக்கு ஒரே ஓர் ஆளை, வடக்கில் ஆயுதம் தூக்கிய இயக்கத்தை நடத்தியவரைத்தான் நினைப்பார்கள். பொலிஸ்காரர்களுக்குப் பேசவும் வாசிக்கவும் தெரிந்த நாலைந்து தமிழ்ச் சொற்களில் அதுவும் ஒன்று. சோதனைச் சாவடி தாண்டி வந்த வளவாளருக்கும் அது உறைக்கவில்லை, எங்களுக்கும் உறைக்கவில்லை.

திரும்பும்போது கண்டிக்குக் கிட்டச் சாவடியில் எங்கள் வேனை மறித்தார்கள். பொலிஸ்காரர் முதலில் யோகனின் அடையாள அட்டையைப் பார்த்தார். பிறந்த இடம் யாழ்ப்பாணம். பிறகு மடியிலிருந்த கொப்பியைப் பார்த்தார்.

"த... லை... வர்," என்று எழுத்துக்கூட்டினார். "எந்தத் தலைவர்?"

"அது பள்ளிக்கூடத்துப் பயிற்சியில எழுதினது சேர்," என்றான் யோகன்.

"பஹின்ன!" யோகன் இறங்கினான்.

வளவாளர் முன் சீட்டில்தான் இருந்தார். சொன்னபடி முன்னுக்குத்தான் இருந்தார், குறை சொல்ல முடியாது. தெரு ஓரத்துப் பலாமரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பின்னால் சரசரவென்று சத்தம். என் கூட்டாளிகள் கொப்பி மட்டைகளைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஏற்கெனவே கிழித்துச் சப்பாத்துக்குள் திணித்துவிட்டேன். எல்லோருக்கும் முந்தி நான்தான்.

இறங்கிப் போனது ரிபாயா ஒருத்திதான். கெலிஓயாவில் பலசரக்குக் கடை வைத்திருப்பவரின் மகள். வாயாடி என்று சொல்லி அவளை மாணவர் தலைவியாக்காமலே விட்டிருந்தார்கள். அன்றைக்கு ஒருத்திக்குக் காய்ச்சல், ஆள் குறையக்கூடாதே என்று இவளைக் கூட்டி வந்தது. தன் கொப்பியை நீட்டிக்கொண்டு சிங்களத்தில் பொரிந்து தள்ளினாள். எல்லாரிடமும் இதே கொப்பிதான், எல்லாரும் இதையேதான் எழுதினோம், வேண்டுமென்றால் பாருங்கள் என்றாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள்.

"நீங்கெல்லாம் ஊமையா? கொப்பிய எடுத்துக் காட்டுங்களேன்!"

பொலிஸ்காரர் வேனுக்குள் எட்டிப் பார்த்தார். ஒவ்வொரு கொப்பியாகப் பார்த்தார். ஒன்றிலும் மட்டை இல்லை. என்னிடம் சிங்களத்தில் கேட்டார், நீயும் எழுதினாயா என்று. இல்லை என்று தலையாட்டினேன்.

யோகன் என்னைப் பார்த்தான். ரிபாயாவை விரட்டி வேனில் ஏற்றினார்கள். அவனை வைத்துக்கொண்டார்கள்.

பதினொரு நாள். அவனுடைய அப்பா ஏறாத படி இல்லை. வெளியே விட்டபின் பாடசாலைப் பக்கம் அவன் வரவே இல்லை. குடும்பம் கொழும்புக்குப் போய், பிறகு எந்த நாட்டுக்கோ போய்விட்டது. எங்கள் எல்லோருக்கும் தலைமைத்துவச் சான்றிதழ் வந்தது, அழகான தங்க நிறக் கரை போட்டு. ரிபாயாவுக்கு வரவில்லை, அவள் பெயர் பட்டியலில் இல்லையாம். மானங்கெட்டவன் நான், என் சான்றிதழைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியும் வைத்தேன்.

இப்போது அந்தச் சாவடி இருந்த இடத்தில் பட்டர்புரூட் பழம் விற்கிறார்கள். வளவாளர் காலமாகிவிட்டார். போன மாதம் பழைய மாணவர் கூட்டத்துக்குப் போனபோது மண்டபத்துப் பலகையைப் பார்த்தேன். முதன்மை மாணவர் தலைவர்களின் பெயர்கள் வருடம் வருடமாக எழுதியிருக்கும். எங்கள் வருடத்துக்கு நேரே என் பெயர். யோகன் போனபின் என்னை அந்த இடத்தில் போட்டு, அவன் பெயரை அழித்துவிட்டு என் பெயரை எழுதச் சொன்னவர் அப்போதைய அதிபர். அன்றைக்குப் பெயின்டர் வந்து என் பெயருக்கு எழுத்துக் கேட்டார். நான் பக்கத்தில் நின்று, பிழை இல்லாமல் சொல்லிக் கொடுத்தேன்.